மைக்ரோ-டாம் தக்காளி: கிளையும் இலையும் ஆராய இந்த ரகம் போதுமா?

சாண் உயரம்கூட எட்டாத ஒரு செடி. கைப்பிடி மண்ணில் வேர்விட்டு, விதைத்த 70 முதல் 90 நாளில் பழம் தந்துவிடும். நெருக்கி வைத்தால் ஒரு சதுர மீட்டரில் 1,357 செடி வரை வளர்க்கலாம் என்று 1997-இல் ஆய்வாளர்கள் கணக்குக் காட்டியதிலிருந்து, ஆய்வுக்கூடங்களில் மைக்ரோ-டாமின் மவுசு குறையவில்லை. ஆனால் அதை உருவாக்கியது ஆய்வுக்காக அல்ல. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட்டும் ஹார்பாவும் 1989-இல் வெளியிட்ட அலங்காரத் தொட்டிச் செடி அது. ஜன்னலோரம் வைத்து ரசிக்கப் பிறந்த ரகம், ஆய்வு மேசைக்கு ஏறிவிட்டது.

பழம் பழுப்பது, விதை உருவாவது, மரபணு மாற்றம் செய்வது ஆகிய வேலைகளுக்கு அது நல்ல ரகம்தான். இங்கே எடைபோடுவது வேறொன்றை: பக்கக் கிளை எப்படி வருகிறது, இலை ஏன் இந்த வடிவம் எடுக்கிறது என்று மரபணு வழியே பார்க்க நினைப்பவருக்கு மைக்ரோ-டாம் ஏற்றதா? பாதிக்குப் பாதிதான். எந்தப் பாதி கைகொடுக்கும், எந்தப் பாதி கைவிடும் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் ஒரு வருட வேலை மிச்சம்.

உள்ளே இருப்பது என்ன?

இந்தக் குள்ளத்தனம் ஒரே மரபணுவால் வந்ததல்ல. முதலாவது, 2-ஆம் குரோமோசோமில் உள்ள 'டுவார்ஃப்' மரபணுவின் பழுதுபட்ட வடிவம். பிராசினோஸ்டீராய்டு என்னும் வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் நொதி ஒன்றுக்கான மரபணு இது. மைக்ரோ-டாமில் அதன் ஒன்பதாவது இன்ட்ரான் (புரதம் ஆகாமல் வெட்டி நீக்கப்படும் பகுதி) முடியும் இடத்தில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியிருக்கிறது. அதனால் ஆர்.என்.ஏ. தவறான இடத்தில் வெட்டி ஒட்டப்படுகிறது. ஹார்மோன் போதுமான அளவு உற்பத்தியாவதில்லை. இரண்டாவது, 6-ஆம் குரோமோசோமில் 'செல்ஃப் புரூனிங்' மரபணுவின் பிறழ்வு. செடி தானே வளர்ச்சியை முடித்துக்கொள்ள அதுதான் காரணம். இவை போக, கணுவிடையை (இரண்டு இலைக் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டை) இன்னும் குறுக்கும் 'மினியேச்சர்' என்ற பிறழ்வும் உண்டு.

முதல் இரண்டும் சும்மா உயரத்தை மட்டும் குறைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. ஒன்று நேராக இலையின் உருவத்தில் கைவைக்கிறது. மற்றது நேராகக் கிளைக்கும் முறையில் கைவைக்கிறது. அதாவது, நீங்கள் அளக்க வந்த இரண்டு குணங்களும் அளவுகோலிலேயே ஏற்கெனவே வளைந்திருக்கின்றன. இந்த ரகத்தைப் பற்றிய மற்றக் குறைகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவையே.

கிளைக்கு எப்படி?

தக்காளி கிளைக்கும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் இதை மதிப்பிட முடியாது. விதையிலிருந்து எழும் தண்டு பெரும்பாலும் 7 முதல் 11 இலை விட்டதும் அதன் நுனி பூங்கொத்தாக மாறி முடிந்துவிடும். அதற்கு அடியிலுள்ள கடைசி இலைக் கக்கத்து (இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலை) மொட்டு உடனே தலையெடுத்து, 3 இலை விட்டு, அதுவும் பூங்கொத்தில் முடியும். அடுத்து அதன் கக்க மொட்டு. பார்வைக்கு ஒரே தண்டுபோலத் தெரிந்தாலும் உண்மையில் அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிளைகள். 'செல்ஃப் புரூனிங்' பழுதுபட்டால் இந்த 3 என்ற கணக்கு 2, 1 என்று சுருங்கி, கடைசியில் இரண்டு பூங்கொத்துகள் அடுத்தடுத்து வந்து தண்டு நின்றுவிடும். 1914-இல் ஃப்ளோரிடாவில் தற்செயலாகத் தென்பட்ட இந்தப் பிறழ்வுதான் இன்று இயந்திர அறுவடைக்கு வரும் புதர்த் தக்காளிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. புரதத்தின் 76-ஆம் இடத்தில் புரோலின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதில் லூசின். அந்த ஒரு மாற்றம்தான்.

ஆக, மைக்ரோ-டாமில் அடுக்குக் கிளை முறையே பாதியில் அறுந்துபோனது. பூங்கொத்துகளுக்கிடையே எத்தனை இலை என்று எண்ணுவதுதான் உங்கள் ஆய்வு என்றால் இந்த ரகத்தைத் தொடவே வேண்டாம். எய்ல்சா கிரெய்க், மனிமேக்கர் போன்ற, கொடிபோல வளர்ந்துகொண்டே போகும் ரகங்களில் பாருங்கள். கயிறு கட்டி ஏற்ற வேண்டும், இடம் பிடிக்கும், ஆனால் எண்ணிக்கை தெளிவாகக் கிடைக்கும்.

கக்க மொட்டு உருவாகிறதா இல்லையா என்ற கேள்விக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மொட்டு உண்டானதா என்பது ஒன்று. உண்டான மொட்டு வளர்ந்ததா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உரியவை 'லேட்டரல் சப்ரசர்' (7-ஆம் குரோமோசோம்), 'பிளைண்ட்' (11-ஆம் குரோமோசோம்), 'டிரைஃபோலியேட்' ஆகியவை. இரண்டாவதற்கு உரியவை, கிளையை அடக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன் ஹார்மோனைத் தயாரிக்கும் சி.சி.டி.7, சி.சி.டி.8 மரபணுக்களும், மொட்டை உறக்கத்தில் வைக்கும் பிராஞ்ச்டு-1பி மரபணுவும். முதல் வகை பழுதானால் கக்கம் காலி. இரண்டாம் வகை பழுதானால் உறங்க வேண்டிய மொட்டெல்லாம் விழித்துக்கொண்டு செடி புதராகிவிடும்.

சாதாரண உயரச் செடியில் இதை வெறும் கண்ணால் பிரித்துவிடலாம். மைக்ரோ-டாமில் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால், இலைக்காம்பை விலக்கி 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பல பேர் செய்யும் தவறு, சீக்கிரமே பார்த்துவிடுவது. இளம் செடியில் கீழ்க் கக்கங்கள் காலியாகத் தெரியும். பத்து நாள் கழித்து அங்கேயே மொட்டு நிற்கும். முதல் பூ விரியும் வரை பொறுத்திருந்து எண்ணுங்கள். அப்போதும் சந்தேகம் இருந்தால் நான்காம் இலைக்கு மேலே தண்டை வெட்டிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். உறங்கிய மொட்டு என்றால் எழுந்துவிடும். காலிக் கக்கம் என்றால் எதுவும் வராது. ஆனால் வெட்டிய செடியின் இலை எண்ணிக்கையை மற்றக் கணக்குகளில் சேர்க்கக் கூடாது.

'லேட்டரல் சப்ரசர்' பிறழ்வில் ஒரு வேடிக்கை உண்டு: கக்கங்கள் எல்லாம் காலியாக இருந்தாலும் பூங்கொத்துக்கு நேர் கீழே உள்ள மொட்டு மட்டும் தவறாமல் வரும். எனவே "ஒரு கிளை வந்துவிட்டது, இது பிறழ்வுச் செடி அல்ல" என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். எதிர்ப்பக்கம் 'பிளைண்ட்' அந்த மொட்டையும் சேர்த்துக் கெடுக்கும். முதல் பூங்கொத்தோடோ அடுத்ததோடோ செடி நின்றுபோகும். மைக்ரோ-டாம் இயல்பாகவே சீக்கிரம் நின்றுவிடும் ரகம் என்பதால் 'பிளைண்ட்' செடியைப் பிறழ்வில்லாச் செடியிலிருந்து பிரித்தறிய இந்த அடையாளம் உதவாது. பூக்களின் எண்ணிக்கை குறைவதையும், பூ உறுப்புகள் ஒட்டிப் பிறப்பதையும் வைத்தே அடையாளம் காண வேண்டும்.

கிளை கிள்ளும் கூலி மிச்சமாகும் என்ற ஆசையில் 'லேட்டரல் சப்ரசரை' வணிக ரகத்தில் புகுத்த நீண்ட காலமாகவே முயற்சி நடந்தது. இதழ் இல்லாத பூ, குறைந்த காய்ப்பு என்று அதே மரபணு பின்னாலேயே வந்து நின்றதால் அந்த ஆசை பலிக்கவில்லை. "பக்கக் கிளையே வராத தக்காளி" என்று யாராவது விதை விற்றால் காய்ப்பு எப்படி என்று முதலில் கேளுங்கள்.

இலைக்கு எப்படி?

தக்காளி இலை கூட்டிலை. நுனியில் ஒன்று, இருபுறமும் 3 அல்லது 4 ஜோடி பெரிய சிற்றிலைகள், நடுநடுவே குட்டிச் சிற்றிலைகள், பெரியவற்றின் காம்பில் மேலும் சில. விளிம்பில் பற்களும் மடல்களும். இவ்வளவு பாகங்கள் இருப்பதால்தான் இலை வடிவ ஆய்வுக்குத் தக்காளி பிடித்த செடியாயிற்று. சிற்றிலை கூடினாலும் குறைந்தாலும் எண்ணிச் சொல்லிவிடலாம்.

மைக்ரோ-டாமிலும் எண்ணலாம். அந்த மட்டில் குறையில்லை. ஆனால் பிராசினோஸ்டீராய்டு குறைவால் இலை கரும்பச்சையாக, தடித்து, சுருங்கி, கீழ்நோக்கி வளைந்து கிடக்கும். விளிம்பு எங்கே முடிகிறது, மடல் எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது பாடு. இலையை அப்படியே கண்ணாடிக்கு அடியில் வைத்து ஸ்கேன் செய்தால் மடிப்புகள் பரப்பளவைக் குறைத்துக் காட்டும். சிற்றிலைகளைத் தனித்தனியே நறுக்கி, தேவைப்பட்டால் விளிம்பில் ஒரு கீறல் போட்டு, தட்டையாக அழுத்தித்தான் எடுக்க வேண்டும். ஒரு செடிக்கு ஐந்து நிமிடம் ஆகும் வேலை இருபது நிமிடமாகிவிடும்.

பிறழ்வுக்குப் பிறழ்வு இந்தக் குறையின் கனம் மாறுகிறது. 'என்டையர்' என்பது ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனின் சமிக்ஞையை அடக்கும் ஐ.ஏ.ஏ.-9 மரபணுவின் பழுது. அதில் சிற்றிலைகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து இலை ஒரே தகடாகிவிடும். விதையில்லாக் காயும் காய்க்கும். மைக்ரோ-டாமில்கூட இதை எட்ட நின்றே சொல்லிவிடலாம். சிற்றிலை பெருகும் 'மவுஸ் இயர்ஸ்', 'பெட்ரோசெலினம்', 'கிளாசா' ஆகியவையும் அப்படியே. 'மவுஸ் இயர்ஸ்' நாக்ஸ் வகை மரபணு (வளர்நுனியை வளரும் நிலையில் வைப்பது) ஒன்று அளவுக்கு மீறி வேலை செய்வதால் வருவது. 'பெட்ரோசெலினம்' கலாபகோஸ் தீவுத் தக்காளியில் இயற்கையாகவே உள்ளது. மரபணுவின் முன்பகுதியில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டதால் இலை கொத்தமல்லித் தழைபோலப் பொடிப்பொடியாகப் பிரிந்துவிடுகிறது.

மோசமாவது நுட்பமான பிறழ்வுகளில்தான். 'பொட்டேட்டோ லீஃப்' நல்ல எடுத்துக்காட்டு. உருளைக்கிழங்கு இலைபோல, சிற்றிலை குறைந்து, விளிம்பு பல்லின்றி வழவழப்பாக இருக்கும். உயர ரகத்தில் மூன்றாம் இலை வந்ததுமே சொல்லிவிடலாம். மைக்ரோ-டாமிலோ அந்த வழவழப்பைச் சுருக்கம் விழுங்கிவிடும். இந்த மரபணு 'பிளைண்டின்' நெருங்கிய உறவு என்பதும் கவனிக்க வேண்டியது. இரண்டும் மற்ற மரபணுக்களை இயக்கும் எம்.ஒய்.பி. குடும்பத்து மரபணுக்கள், ஒன்று கக்க மொட்டைப் பார்த்துக்கொள்கிறது, மற்றது முதன்மையாக இலை விளிம்பைப் பார்த்துக்கொள்கிறது. கிளையும் இலையும் இரண்டு தனிப் பாடங்கள் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இளம் இலையின் விளிம்பில் சிற்றிலை முளைப்பதும், இலைக் கக்கத்தில் மொட்டு முளைப்பதும் எல்லை வகுக்கும் மரபணுக்களின் ஆதரவில்தான் நடக்கின்றன. 'காப்லெட்' மரபணுவுக்கு இரண்டு இடத்திலும் வேலை உண்டு. 'டிரைஃபோலியேட்' பழுதானால் இலை மூன்று சிற்றிலையோடு நிற்பதும் கிளை வராமற்போவதும் சேர்ந்தே நடக்கும்.

'பொட்டேட்டோ லீஃப்' வேண்டுமென்றால் ஆய்வு விதைக்கூடத்தை நாட வேண்டியதே இல்லை. பிராண்டிவைன், ஸ்டூபிசே போன்ற பழைய தோட்ட ரகங்கள் இந்தப் பிறழ்வை இரட்டையாகவே (மரபணுவின் இரு நகலிலும்) சுமக்கின்றன. மரபணுவுக்குள் ரைடர் என்னும் தாவும் துண்டு ஒன்று நுழைந்திருப்பதே காரணம். அது சில ஆயிரம் எழுத்து நீளமானது என்பதால் இருபுறமும் இரண்டு பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் குட்டி டி.என்.ஏ.) மட்டும் வைத்து வழக்கமான நேரத்தில் பி.சி.ஆர். என்னும் டி.என்.ஏ. நகலெடுப்பை ஓட்டினால் பிறழ்வு வடிவத்துக்குக் கோடே வராது. அதைத் தோல்வி என்று நினைத்துவிடுவார்கள். துண்டுக்கு உள்ளே ஒட்டும் மூன்றாவது பிரைமர் ஒன்றைச் சேர்த்தால் இரு வடிவங்களும் இரண்டு அளவில் தெரியும். கலப்புச் செடியில் இரண்டு கோடும் வரும்.

கலப்புச் செய்யும்போது

மைக்ரோ-டாமின் மெய்யான பலம் இங்கே வெளிப்படும். அதைத் தாயாக வைத்து, உயர ரகத்தின் மகரந்தத்தைத் தடவுங்கள். குள்ளத்தனம் ஒடுங்கு பண்பு, அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே உண்மையான கலப்புச் செடி உயரமாக எழும், தன் மகரந்தத்திலேயே காய்த்த விதை குள்ளமாகவே நிற்கும். நாற்றாக இருக்கும்போதே போலியைக் களையலாம், பி.சி.ஆர். வேண்டாம். பூ விரிவதற்கு முந்தைய நாள், இதழ் வெளிர்மஞ்சளாகிப் புல்லி விலகத் தொடங்கும் வேளையில் மகரந்தக் கூம்பை எடுத்துவிட வேண்டும். பூ சிறியது என்பதால் சூல்தண்டு ஒடிவது அடிக்கடி நடக்கும். கூம்பை அடியோடு இழுக்காமல் பக்கவாட்டில் பிளந்து எடுப்பது நல்லது.

அடுத்த தலைமுறையில் எத்தனை செடி வேண்டும் என்பதில் பலரும் கஞ்சத்தனம் காட்டுவார்கள். ஒரே ஒடுங்கு பண்புக்கு 11 செடி வைத்தால் குறைந்தது ஒன்றாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்பு. 99 சதவீதம் வேண்டுமென்றால் 17. இரண்டு ஒடுங்கு பண்பு சேர்ந்த செடிக்கு 47. மூன்றுக்கு 191. மைக்ரோ-டாம் உருவத்தையே திரும்பப் பெற்று அதில் புதுப் பிறழ்வு ஒன்றையும் வேண்டினால் நீங்கள் மூன்று, நான்கு பண்பில் நிற்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இந்தக் கணக்கு மரபணுக்கள் தனித்தனியே பிரியும் என்று வைத்துக்கொண்டது. 'பொட்டேட்டோ லீஃப்' மரபணுவும் 'செல்ஃப் புரூனிங்' மரபணுவும் 6-ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு. கொடியாக வளரும் உருளை இலை ரகத்தை மைக்ரோ-டாமோடு கலந்தால், உருளை இலையும் புதர் வளர்ச்சியும் சேர்ந்த செடி 16-இல் ஒன்று வராது, மிக அரிதாகவே வரும். ஐம்பது செடி வைத்து ஒன்றும் கிடைக்கவில்லை என்று கையைப் பிசைவதற்குக் காரணம் இதுதான். 'லேட்டரல் சப்ரசரும்', இலையை ஈட்டிபோல ஆக்கும் 'லான்சியோலேட்டும்' 7-ஆம் குரோமோசோமில் இருப்பதால் அங்கேயும் இதே எச்சரிக்கை.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு, பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் விவசாயக் கல்லூரியான எசால்கில் பல பிறழ்வுகளை மைக்ரோ-டாமோடே மீண்டும் மீண்டும் கலந்து (பின்கலப்பு) அதற்குள் ஏற்றி வைத்திருக்கிறார்கள்; 2011-இல் அதை வெளியிட்டார்கள். ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகம் மைக்ரோ-டாமிலேயே உண்டாக்கிய பிறழ்வுத் தொகுதியைப் பராமரிக்கிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸிலுள்ள தக்காளி மரபுவள மையத்தில் பழைய ஒற்றை மரபணுப் பிறழ்வுகள் பலவும் அவை முதலில் கிடைத்த ரகங்களிலேயே உண்டு. அங்கிருந்து வருவது சிறு எண்ணிக்கை விதைதான். முதல் பருவத்தைப் பெருக்குவதற்கே ஒதுக்க வேண்டும். காய்க்காத பிறழ்வுகளைக் கலப்பு நிலையில்தான் (ஒரு நகல் நல்லது, ஒரு நகல் பழுது) பராமரிக்க முடியும் என்பதால் பொட்டலத்தில் நாலில் ஒன்றுதான் பிறழ்வுச் செடியாக இருக்கும். 'லான்சியோலேட்' இன்னும் ஒரு படி மேல். ஒற்றையாக இருந்தால் ஈட்டிபோன்ற எளிய இலை; இரட்டையாகிவிட்டால் சில நாற்றுகளுக்குத் தண்டு நுனியே இருக்காது. அதை முளைப்புக் கோளாறு என்று விதை தந்தவரைத் திட்ட வேண்டாம்.

ஏமாற்றும் போலிகள்

இலை நூலாக மெலிந்து 'வயரி' பிறழ்வுபோலத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெள்ளரித் தேமல் வைரஸையும் 2,4-டி களைக்கொல்லியின் சாரலையும். பிறழ்வு என்றால் மெலிவு தொடக்க இலைகளிலிருந்தே வரும், எல்லா இலையிலும் தொடரும். களைக்கொல்லி என்றால் ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பின் வந்த இலைகள் மட்டும் மெலிந்து, பிறகு தேறும். வைரஸ் என்றால் திட்டுத்திட்டாகப் பச்சை மாறும், பக்கத்துச் செடிக்கும் பரவும். நாற்றின் குருத்து காயம் பட்டோ குளிரிலோ கருகினால் 'பிளைண்ட்' போலவே மொட்டையாக நிற்கும். ஆனால் கீழ்க் கக்கங்களிலிருந்து கிளை பீறிடும். உண்மையான 'பிளைண்டில்' அது குறைவு.

வெளிச்சம் 16 மணி நேரம் போதும். அவசரப்பட்டு 24 மணி நேரமும் விளக்கெரித்தால் தக்காளி இலை வெளிறிப் புண்படும். வெளிச்சம் மங்கலானால் முதல் பூங்கொத்துக்கு முன் இலை எண்ணிக்கை கூடும். நாற்றுப் பருவத்தில் குளிர்ந்தால் குறையும். எனவே பிறழ்வுச் செடியையும் ஒப்பீட்டுச் செடியையும் ஒரே தட்டில் மாற்றி மாற்றி வையுங்கள். முதல் இரண்டு இலைகளில் எப்போதும் சிற்றிலை குறைவு. ஐந்தாம் இலையை ஐந்தாம் இலையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

மதிப்பெண் போடுவதென்றால்: இடமும் நேரமும் மிச்சப்படுத்த 10-க்கு 9, இலை வடிவத்துக்கு 6, கிளைக்கு 4. இலையைத் துல்லியமாக அளப்பவர்களுக்கு எம்-82 என்ற தக்காளி ரகம் மேல். அதுவும் புதர் ரகம்தான், ஆனால் 'டுவார்ஃப்' மரபணு நலமாக இருப்பதால் இலை இயல்பானது. 3 முதல் 5 லிட்டர் தொட்டி கேட்கும். 2004-இல் இஸ்ரேலில் வெளியிட்ட 13,000 குடும்பங்கள் கொண்ட பிறழ்வுத் தொகுதியும் அதே ரகத்தில்தான் இருக்கிறது.

மைக்ரோ-டாமையே வாங்க முடிவெடுத்தவர்களுக்கு இன்னொன்று. இந்தப் பெயரில் வெவ்வேறு கூடங்களில் சுற்றும் விதைகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. பல வருடம் தனித்தனியே பெருகியதால் சிறுசிறு வேறுபாடு சேர்ந்திருக்கிறது. பிறழ்வு விதையை எங்கே வாங்கினீர்களோ, ஒப்பீட்டு மைக்ரோ-டாமையும் அங்கேயே கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே நாளில் விதையுங்கள்.